சேதுபதி எக்ஸ்பயர்டு

'சேதுபதி' என்று பத்து இங்கிலீஷ் எழுத்தையும் தட்டிவிட்டு, அடுத்த வார்த்தைக்காகத் தியாகுவின் விரல்கள் டெலக்ஸ் இயந்திரத்தின் மேல் நின்றன. எதிர்முனையில் ஏதென்ஸ் ஆபீஸ் இயந்திரம் இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. செத்துப்போனான் என்பதற்கு நாலே எழுத்தில் ஒரு வார்த்தை உண்டு. 'டி' என்கிற சாவிவரைக்கும் விரல் போயிற்று. ஆனால் அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிற வார்த்தை, மனுசனுக்கு எழுதினால் மரியாதை இல்லை என்று கோவில்பட்டி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊரில் தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், தந்தி ஆபீஸ் எங்கேயும் ஒருவரும் அப்படி எழுதி அவன் பார்த்ததில்லை. விரலை இழுத்துக்கொண்டு முறையான வார்த்தையைப் போட்டான்.

'சேதுபதி எக்ஸ்பயர்டு யெஸ்டர்டே. கேனாட் டிராவல் ஃபிஃப்டீன்த்.'

நேற்றுக் காலமானவன் பதினைந்தாம் தேதி பயணம் போக முடியாது என்பதைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் அந்தப் பதினைந்தாம் தேதியைத் தன் கையால் அடித்துப் போட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. தட்டி முடித்த பிறகுதான் அப்படி இருந்ததே அவனுக்குத் தெரிந்தது.

கடைசியாக வழக்கம்போல ஓரத்துச் சாவியை அமுக்கினான். 'யார் நீ' என்று கேட்கிற சாவி அது. அமுக்கினால் எதிர்ப்பக்கத்து இயந்திரம், முன்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் பெயரைத் தானே அடித்துச் சொல்லும். செய்தி சரியான இடத்துக்குத்தான் போனது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஏதென்ஸ் தன் பெயரைச் சொல்லிற்று. இணைப்பை வெட்டினான்.

சேதுபதி என்பது உண்மையில் தியாகுவும் அல்ல, செத்துப்போன தம்பி ரவிசங்கரும் அல்ல. இரண்டு பேருடைய அப்பா. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளையாக இருந்து பதினோரு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்ததால், துபாயில் இறங்கிய நாளிலிருந்து அண்ணன் தம்பி இருவருமே மிஸ்டர் சேதுபதி. லெபனான்காரர்கள் கம்பெனியில் கடைசிப் பெயர்தான் பெயர். பிரித்துச் சொல்ல வேண்டி வந்தால், இவன் டெலக்ஸ் சேதுபதி. கட்டட வரைபடம் போடுகிற தம்பி டிராயிங் சேதுபதி.

மேனேஜர் கூரி கதவைத் திறந்து உள்ளே எட்டிப்பார்த்தார். நேற்று முழுக்க அபுதாபியில் இருந்தவர், விஷயம் தெரிந்து விடியற்காலையில் கிளம்பி வந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏதென்ஸுக்குச் சொல்லிவிட்டாயா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"சொல்லிட்டேன் சார்."

"அவனைப் போல ஒருத்தன் எனக்குக் கிடைக்கமாட்டான், ஹபீபி." அவர் குரல் உடைந்தது. தியாகுவின் தோளைத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தயார் செய்யப் போனார்.

தியாகு ஏழு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறான். அவனுக்காக அவர் குரல் ஒரு தடவை ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது, உடைந்ததில்லை. தம்பி பிணமாகக் கிடக்கும்போது இதையா கணக்குப் பார்ப்பது என்று தன்னைத்தானே வைதுகொண்டான். வைதாலும் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியவில்லை.

எல்லாம் இதே இயந்திரத்தில்தான் ஆரம்பித்தது.

போன அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை மதியம். பெய்ரூட்டில் சண்டை முற்றியதால் அங்கிருந்த கம்பெனியின் தலைமை ஆபீஸ் ஏதென்ஸுக்கு இடம் மாறியிருந்தது. அங்கிருந்து ஒரு டெலக்ஸ் வந்தது. 'சேதுபதியை ஏதென்ஸ் ஆபீஸுக்கு அனுப்பவும். குடும்பத்தோடு இருக்க ஃபிளாட் உண்டு.' அவ்வளவுதான். பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இல்லை, பின்னால் வேலை என்னவென்று இல்லை. புது ஆபீஸ் என்றால் முதலில் டெலக்ஸ் ஆள்தானே வேண்டும்? தியாகு காகிதத்தைக் கிழித்து மூன்று முறை படித்தான். மேனேஜர் கிளம்பிப் போயிருந்தார். மறுநாள் வெள்ளி, விடுமுறை. ஆக, ஒன்றரை நாள் ஏதென்ஸ் அவனுடையதாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேரா கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குப் போய், அங்கே குளிர் இருக்கும் என்று விசாரித்து, கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று எடுத்தான். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தபோது, கிரீஸ் நாட்டுக் கடற்கரைத் தெருவில் மனைவி சுசீலாவும் பிள்ளைகளும் கூட வர நடந்துபோகிற மாதிரி இருந்தது. சுசீலாவுக்குக் கடிதம்கூட எழுதிவிட்டான்.

சனிக்கிழமை கூரி காகிதத்தைப் பார்த்தார். "மப்ரூக்!" என்று அரபியில் வாழ்த்திக் கத்தினார். தியாகு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். அவரோ அவனைத் தாண்டி, வரைபட அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மூன்று மாதமாக ரவியை ஏதென்ஸுக்கு அனுப்ப முயற்சி செய்துகொண்டிருந்தாராம். ரவிக்கே அது அப்போதுதான் தெரியும்.

பாதி எழுந்தவன், கால் மரத்துப்போனது போலத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். யாரும் கவனிக்கவில்லை.

கோட்டை என்ன செய்வது? ராத்திரி ரூமில் ரவி கையில் கொடுத்தான். "உனக்குத்தான்ல எடுத்தேன். அங்க குளுருமாம்லா." ரவி போட்டுக்கொண்டான். தியாகு ஆள் வாட்டசாட்டம்; ரவி ஒடிசல். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. ரூமில் கூட இருக்கிற பன்னீர்செல்வம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரவி மட்டும் சிரிக்காமல் கோட்டின் கையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குண்ணே" என்றான்.

அதற்கப்புறம் நாலு மாதம் ரூமில் ஏதென்ஸைத் தவிர வேறு பேச்சில்லை. தியாகுவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அந்த ஊரின் படம் ஒன்றை ரவி ஒட்டினான். ஃபிளாட் மூன்றாவது மாடியாம். மாடியிலிருந்து பார்த்தால் கடல் ஒரு கீற்றுத் தெரியுமாம். சனிக்கிழமைதோறும் தெருவிலேயே காய்கறிச் சந்தையாம், கத்தரிக்காய்கூடக் கிடைக்குமாம், ஆனால் புளி கிடைக்காதாம். அதனால் ஊரில் ரவியின் பெண்டாட்டி வசந்தகுமாரி புளியைக் காயவைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாளாம். மகனுக்குப் பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரம்தானாம். தியாகு ஏழு வருஷமாகப் பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு, ஒரு ரூமில் மூன்று பேரில் ஒருவனாகக் கிடக்கிறான். ரவிக்கு விசா வாங்கிக் கொடுத்துத் துபாய்க்குக் கூட்டிவந்ததே அவன்தான். வந்தவன் ஏணியில் ஏறிப்போகிறான். ஏணியைப் பிடித்தவன் பிடித்தபடி நிற்கிறான்.

சுசீலாவின் கடிதங்கள் அந்த வயிற்றெரிச்சலுக்கு எண்ணெய் விட்டன. இரண்டு மருமகள்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். 'வசந்தா வாத்தியார் வைத்து இங்கிலீஷ் படிக்கிறாள். ஊதா நிறத்தில் கம்பளி பின்னுகிறாள். எனக்கென்ன, நான் பாட்டுக்கு இருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். அந்த 'எனக்கென்ன' தியாகுவுக்கு நன்றாகப் புரிந்தது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். 'கலிமேரா'வைத்தான் பொறுக்க முடியவில்லை. கிரேக்க பாஷையில் காலை வணக்கமாம். ஒரு சின்னப் புத்தகத்திலிருந்து ரவி படித்துக்கொண்டான். தினமும் விடிந்ததும் போர்வையை விலக்கி, "கலிமேராண்ணே" என்பான். தியாகு தூங்குவது போலக் கிடப்பான்.

நேற்று விடிந்தபோது அந்தச் சத்தம் வரவில்லை. தியாகு கண்ணை மூடிக்கொண்டே, இன்றைக்கு ஒரு நாளாவது விட்டானே என்று நிம்மதியாகப் புரண்டு படுத்தான். அந்த நிம்மதியோடு கால்மணி நேரம் தூங்கவும் செய்தான். பன்னீர்செல்வம் டீ போட்டுவிட்டு எழுப்பப் போய்த்தான், ரவியின் உடம்பு சில்லிட்டிருப்பது தெரிந்தது. முப்பத்திமூன்று வயது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ரவி நெஞ்சைத் தடவிக்கொண்டே சொல்லியிருந்தான். "அண்ணே, நெஞ்சு என்னமோ எரியுது. கொழம்பு ஒத்துக்கிடல போல."

"ஏதென்ஸு போற வயித்துக்கு எங்க கொழம்பு எப்பிடில ஒத்துக்கிடும்?" என்றான் தியாகு.

ரவி சிரித்தான். அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அது.

ஊருக்கு நேற்றே தந்தி போய்விட்டது. அதிலும் அதே வார்த்தைதான்: 'ரவி எக்ஸ்பயர்டு.' கோவில்பட்டி தபால்காரர் அதை வாசலில் நின்று படித்த நொடியிலேயே வசந்தகுமாரி கீழே விழுந்திருப்பாள். அங்கிருந்து பதில் தந்தி இன்று காலையில் வந்திருந்தது. 'உடலைக் கொண்டுவர வேண்டாம். அங்கேயே முடிக்கவும்.' சுசீலாவின் அண்ணன் கொடுத்திருந்தார்.

இப்போது மேனேஜர் கடிதத்துக்காகக் காத்திருந்தபோது, டெலக்ஸ் மணி அடித்தது. ஏதென்ஸ். எழுத்துகள் தடதடவென்று விழுந்தன. தியாகு எழுந்து பக்கத்தில் போய் நின்றான். எப்படி நடந்தது, எங்கள் ஆழ்ந்த வருத்தம் என்றெல்லாம் வரும். அதையும் அவன்தான் கிழித்து எடுத்துப்போய்க் கூரியிடம் கொடுக்க வேண்டும். அவர் மறுபடி அழுவார்.

'சேதுபதி எக்ஸ்பயர்டு. நோட்டட். ரினியூ சூனஸ்ட் அண்ட் சென்ட். எத்தனை நாள் ஆகும்? ஃபிளாட் தயார்.'

முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை படித்தான். பிறகு உறைத்தது. இந்த ஊரில் எக்ஸ்பயர் ஆவது விசா, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ். கிரேக்கர்களுக்கும் லெபனான்காரர்களுக்கும் அந்த வார்த்தையில் மனுசன் சாவது கிடையாது. சேதுபதியின் விசா நேற்றோடு காலாவதி ஆகிவிட்டது, அதனால் பதினைந்தாம் தேதி வர முடியாது என்று படித்திருக்கிறார்கள். புதுப்பித்து அனுப்பு என்கிறார்கள்.

தியாகு சிரித்துவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். யாராவது பார்த்திருந்தால் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள், பாதி அதுவும்தான்.

சிரிப்பு அடங்கினதும் காகிதத்தை மறுபடி பார்த்தான். சேதுபதியை அனுப்பு. அக்டோபரில் வந்த அதே வாக்கியம். முன்னால் எழுத்து இல்லை. ஃபிளாட் தயார்.

புதுப்பித்தாயிற்று என்று ஒரு வார்த்தை போனால் போதும். அப்புறம் வேண்டியதெல்லாம் ஒரு சேதுபதி விமானம் ஏறுவதுதான். கூரியிடம், ஏதென்ஸ் இப்போது என்னைக் கேட்கிறது என்று இந்தக் காகிதத்தைக் காட்டலாம். இன்றைக்கு அவர் இருக்கிற நிலையில் எதையும் மறுக்கமாட்டார். போய் இறங்கிவிட்டால் யார் திருப்பி அனுப்பப்போகிறார்கள்? அங்கேயும் டெலக்ஸ் இருக்கிறது, தட்ட ஆள் வேண்டும். மூன்றாவது மாடி, கீற்றுக் கடல், சனிக்கிழமைச் சந்தை. சுசீலா இனிமேல் 'எனக்கென்ன' என்று எழுத வேண்டாம்.

நீளமான செய்திகளை முன்கூட்டியே காகித நாடாவில் பொத்தல் போட்டு வைத்துக்கொள்கிற வழக்கம் உண்டு. பிறகு நாடாவைச் செருகினால் இயந்திரமே அனுப்பிவிடும். இது நாலு வார்த்தைச் செய்திதான். இருந்தும் நாடாவில் போட்டான். நேராகத் தட்டத் துணிச்சல் வரவில்லை.

'சேதுபதி ரினியூட். அரைவிங் ட்வென்டியத்.'

ஒவ்வொரு எழுத்துக்கும் குத்தூசி இறங்கி, மஞ்சள் காகிதப் பொட்டுகள் தட்டில் உதிர்ந்தன. தட்டு நிறைந்து மேசையில் சிந்தின. கையால் கூட்டி ஒதுக்கினான். நாடாவைச் செருகப் போகும்போது, கம்பெனி வண்டி டிரைவர் ஈசா வாசலில் வந்து நின்றார். கீழக்கரைக்காரர். தியாகு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"தம்பி, கடுதாசி வந்துருச்சு. ஆஸ்பத்திரிலருந்து எடுத்துட்டுப் போயிறலாம். வெறகெல்லாம் அடுக்கியாச்சாம்."

படியிறங்கும்போது கூரி கேட்டார். "ஏதென்ஸிலிருந்து பதில் வந்ததா?"

"இன்னும் வரல சார்" என்றான் தியாகு. பொய் தடங்கல் இல்லாமல் வந்தது.

க்ரீக் என்கிற கடற்கழிக்கு அந்தப் பக்கம், சிந்தி வியாபாரிகள் பார்த்துக்கொள்கிற சுடுகாடு. மணல் வெளியில் நாலு சுவர். போய்ச் சேர்ந்தபோது நாற்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். சைட்டிலிருந்து பட்டான்கள் சிமெண்ட் ஒட்டிய செருப்போடு வந்திருந்தார்கள். மலையாளிகள், கோவாக்காரர்கள், யாரென்றே தெரியாத ஒரு பாகிஸ்தானிக் கிழவர். ரவி வாரம் ஒரு முறை இவரிடம் ரொட்டி வாங்குவானாம். கூரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் ஏழு வருஷமாக உட்கார்ந்து சைட்டுக்கும் தலைமை ஆபீஸுக்கும் சேதி அனுப்பிய தனக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தியாகு யோசித்தான். ஆறு பேர். பன்னீரையும் சேர்த்தால் ஏழு.

ரவியின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. முகம் மட்டும் வெளியே. சவரம் செய்திருந்தார்கள். பயணத்துக்குத் தயாரான மாதிரி இருந்தான்.

"மூத்தவரு எளையவருக்குக் கொள்ளி வைக்கலாமா?" என்று யாரோ தயங்கினார்கள்.

"ரவி மவனுக்கு அஞ்சு வயசு, கோயில்பட்டில கெடக்கான். இங்க வேற யாரு இருக்கா?" என்றான் பன்னீர்செல்வம். சாத்தூர்க்காரன். இரண்டு நாளாக எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தவன் அவன்தான். மண்குடம் கிடைக்காமல், ரூமில் தண்ணீர் ஊற்றி வைக்கிற ஈரான் மண் கூஜாவைத் தூக்கிவந்திருந்தான். டால்டா டப்பாவில் அரிசி.

"அண்ணாச்சி, வாய்க்கரிசி போடுங்க."

தியாகு குனிந்து கையை நீட்டினான். பன்னீர் ஒரு பிடி அள்ளி வைத்தான். மூன்று முறை போட வேண்டும். முதல் முறை போட்டான். இரண்டாம் முறையும் போட்டான். மூன்றாம் முறை கையைக் கவிழ்த்தபோது, அரிசியோடு வேறு ஏதோ விழுந்தது. சின்னதாக, வட்டமாக, மஞ்சளாக. ரவியின் கீழுதட்டில் ஒட்டிக்கொண்டது.

அரிசியில் கல் என்றுதான் முதலில் நினைத்தான். கிட்டே குனிந்து பார்த்தான். நாடாவின் பொட்டு. வியர்த்த உள்ளங்கையில் இன்னும் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. மேசையைக் கூட்டியபோது ஒட்டியவை. கையைக் கழுவாமலே வந்திருக்கிறான்.

சுண்டு விரலால் எடுக்கப் பார்த்தான். வரவில்லை. நகத்தால் நெருடினான். உதடு கெட்டியாக, குளிர்ந்து இருந்தது. ஒரு நிமிஷம் பிடித்தது. நாற்பது பேரும் அண்ணன் தம்பியின் வாயைத் துடைத்துவிடுகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூரி சத்தமாகவே அழுதார்.

ஒரு வழியாகப் பொட்டு வந்துவிட்டது. என்ன எழுத்தின் பொத்தலோ அது. அதைக் கீழே போடவும் முடியாமல், விரல் நுனியில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

கூஜாவைத் தோளில் வைத்துச் சுற்றிவந்து உடைத்தான். கொள்ளியைக் கையில் கொடுத்தார்கள். திரும்பி நின்று, பார்க்காமல் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை தம்பியின் முகத்தைப் பார்த்தான். தன்னால் வாயிலிருந்து வந்தது.

"இதுலயும் முந்திக்கிட்டியேல."

பின்னால் நின்றவர்கள் விம்மினார்கள். பன்னீர்செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். அண்ணனின் பாசம் அப்படிக் கதறுகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தியாகுவுக்குத்தான் தெரியும், அது என்னவென்று. இப்படிச் சாக வேண்டும் என்றுகூட இல்லை, இப்படி அழப்பட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அந்த எண்ணத்தோடுதான் நெருப்பு வைத்தான்.

பிப்ரவரிக் காற்று. ஓரத்துக் குழாயில் குளித்துவிட்டு, கழற்றி வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஈர வேட்டியோடு வெளியே வந்தபோது பல் கிட்டிற்று. பன்னீர்செல்வம் வண்டியிலிருந்து எதையோ எடுத்துவந்து தோளில் போர்த்தினான். கம்பளியின் வாசனை வந்ததும் என்னவென்று தெரிந்துவிட்டது.

"இத எதுக்குல எடுத்தாந்த?"

"குளிச்சா குளுரும்லா அண்ணாச்சி. ஆணியில தொங்கிச்சு. கைய உள்ள விடுங்க."

விட்டான். கை முழுதாகப் போய் மணிக்கட்டில் நின்றது. பன்னீர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். வண்டி கிளம்பினதும் மெதுவாக ஆரம்பித்தான்.

"ரவி சொல்லுவான் அண்ணாச்சி. 'எங்கண்ணன் இத அவருக்குன்னு எடுத்தாரு பன்னீரு. அந்த டெலக்ஸு தனக்குன்னு நெனச்சிட்டாரு. மூணு நாளு மொகமே சரியில்ல'ன்னு. தையக்காரன்ட்ட கொடுத்துப் புடிச்சித் தைச்சிக்கிடேன்னேன். மாட்டேன்னுட்டான்."

தியாகு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க போயி ஒரு வருசத்துல அண்ணனையும் கூப்பிட்டுக்கிடுவேன், அப்பத் திருப்பிக் கொடுக்கணும், வெட்டிட்டா ஆகாதுல்லான்னான்."

தெரிந்திருக்கிறது. நாலு மாதமும் தெரிந்தேதான் 'கலிமேரா' சொல்லியிருக்கிறான். தியாகுவுக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, கோபம். யாரைக் கேட்டு அவன் எனக்கு இடம் பார்த்து வைத்தான்? கொடுக்கிற இடத்தில் எப்போதும் அவன், வாங்குகிற இடத்தில் நானா? சண்டை போடுவதற்கு ஆள் இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. கோட்டின் காலரை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். பன்னீர் முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரூமுக்குத்தானே?" என்று கேட்டார் ஈசா.

"இல்ல பாய். ஆபீஸுக்கு விடுங்க."

"இந்நேரத்துலயா? அங்க ஒருத்தரும் இருக்கமாட்டாகளே."

"எனக்கு ஒரு சேதி அனுப்பணும்."

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஏதென்ஸில் நேரம் இரண்டு மணி பின்னால், ஆபீஸ் நடக்கும். ஈர வேட்டியும் கம்பளிக் கோட்டுமாக வந்தவனைக் காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தான். தியாகு டெலக்ஸ் அறை விளக்கைப் போட்டான். மேசையில் காலையில் சிந்திய பொட்டுகள் அப்படியே கிடந்தன. கோட்டுக்குள் கையை விட்டு, சட்டைப்பையில் இருந்த நாடாவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டான். அது சுருள் பிரிந்து கூடையிலிருந்து பாதி வெளியே தொங்கிற்று. ஏதென்ஸ் எண்ணைச் சுழற்றினான்.

இணைப்புக் கிடைத்தது. எதிர்முனை காத்திருந்தது.

'நாட் விசா' என்று தட்டினான். யோசித்து, 'மை பிரதர்' என்று தட்டினான். சேதுபதி என்று போகப் பார்த்த விரலைத் தடுத்து நிறுத்தினான். அப்பா பெயர் வேண்டாம். ஆர், ஏ, வி, ஐ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, அன்றைக்குத்தான் டைப் பழகுகிறவன் மாதிரி, தம்பியின் பெயரை முழுதாக அடித்தான். இந்த இயந்திரத்தில் இதுவரை அந்தப் பெயரை அவன் அடித்ததில்லை.

மரியாதையான வார்த்தை இனி உதவாது. நாலு எழுத்து. டி. இ. ஏ. கடைசி எழுத்துக்கு மறுபடி அந்த முதல் சாவிக்கே போக வேண்டியிருந்தது. அமுக்கினான்.

ஏதென்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் இணைப்பு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அங்கே யாரோ எழுந்துபோய் யாரையோ கூப்பிடுகிறார்கள் போலும். தியாகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கோட்டின் கை மணிக்கட்டைத் தாண்டாமல் சரியாக நின்றது.

பிறகு மணி ஒரு தடவை அடித்தது. எதிர்ப்பக்கத்தில் யாரோ ஓரத்துச் சாவியை அமுக்கியிருந்தார்கள். யார் நீ. செய்தி முடிவில் வழக்கமாகச் செய்வதுதான். தியாகு கையைத் தூக்கவில்லை. இயந்திரம் தானாகவே தடதடவென்று ஓடி, கம்பெனியின் பெயரையும் துபாய்க்கான இரண்டு எழுத்தையும் அடித்துச் சொல்லிவிட்டு நின்றது.